ஜான் ஆல்டர்சனின் வீடு

1938 மார்ச்சில் எனிட் ஆல்டர்சன் பிறந்தபோது ஸ்டோனிகில்லில் முப்பத்து மூன்று வீடுகள் இருந்தன. இருபத்தாறில் ஆல்டர்சன்கள் குடியிருந்தார்கள். மிச்ச ஏழு வீட்டுக்காரர்களும் ஆல்டர்சன் வீட்டில் பெண் எடுத்தவர்கள்.

ஸ்வேல் ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் அந்த ஊரில் குடும்பப் பெயரால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தபால்காரர் கேட்பதும் மருத்துவர் கேட்பதும் ஒன்றுதான்: எந்த ஆல்டர்சன்? அதற்குச் சொல்லும் பதில்தான் ஆளின் உண்மையான பெயர். மேட்டுக்கொட்டில் எனிட், பள்ளத்து கிளைவ், பெஸ்ஸி மகன் டிக், அவர் மகன் பெஸ்ஸி டிக் வில். பிறந்த பண்ணையோ பெற்றவள் பெயரோ முன்னால் ஒட்டிக்கொள்ளும், சாகும்வரை போகாது. எனிட் கல்சுவர் கட்டும் ரால்ஃப் ஆல்டர்சனை மணந்தபோது தேவாலயப் பதிவில் அவர் பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஊர் வாயிலும் மாறவில்லை. மேட்டுப் பண்ணையை விட்டு இறங்கி, பாலத்தருகே தபால் நிலையத்தோடு சேர்ந்த மளிகைக் கடைக்குக் குடிவந்த பிறகும் அவர் மேட்டுக்கொட்டில் எனிட்தான்.

அந்தக் கடையில் எல்லாம் கிடைக்கும். ரொட்டி, தபால்தலை, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, மழையில் மாட்டிக்கொண்ட மலையேறிகளுக்குத் தேநீர். எனிட் வேகமாகப் பேசுவார், வேகமாகப் பொட்டலம் கட்டுவார். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. அவர் செய்த தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

மலையிலிருந்த ஈயச் சுரங்கங்கள் 1880களில் மூடியபோது பாதி ஊர் கிளம்பிப் போனது. சிலர் டர்ஹாம் நிலக்கரிக்கு, சிலர் லங்காஷயர் பஞ்சாலைக்கு, மற்றவர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். போன இடத்தில் தெருவுக்கு ஒரு ஆல்டர்சன்தான். முன்னொட்டுப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு தலைமுறையில் அது மறந்தே போனது. பேரப்பிள்ளைகள் பணமும் ஓய்வும் வந்தபின் திரும்பி வந்தார்கள், குடும்பப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு.

1974 அக்டோபரில் அயோவாவிலிருந்து வால்டர் என்ற கிழவர் கைத்தடியோடு கடைக்குள் நுழைந்தார். வெளியே மழை பலமாக அடித்துக்கொண்டிருந்தது. தன் தாத்தா ஜான் ஆல்டர்சன் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

"எந்த ஜான்?" என்று எனிட் கேட்டார்.

"ஜான் ஆல்டர்சன்."

"அது சரிங்க. எந்த ஜான்?"

இந்தப் பெண்ணுக்குக் காது மந்தம் என்று வால்டர் நினைத்துவிட்டார். இன்னும் சத்தமாக, "ஜான் ஆல்டர்சன்!" என்றார்.

சுரங்கக் காலத்தில் அந்த ஊரில் ஒரே சமயத்தில் பதினாலு ஜான் ஆல்டர்சன்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் வீடுகள் மேலே சதுப்புக்காட்டில், ஒரு மணி நேர ஏற்றத்துக்கு அப்பால், செந்தட்டிப் புதருக்குள் கற்குவியலாகக் கிடந்தன. எனிட் கிழவரின் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சாலையை ஒட்டி, கூரை விழுந்த ஒரு கல் கட்டடம் நின்றது. பள்ளத்து கிளைவின் அப்பாவுக்குச் சொந்தமான பழைய மாட்டுக் கொட்டில் அது.

"அதோ, அதுதான்," என்றார்.

கிழவர் அங்கே போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நின்றதை எனிட் கடைக்குள்ளிருந்து பார்த்தார். திரும்பி வந்தவர் கையில் ஒரு சிறு கல் இருந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனிட் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதே வீடுதான். ஜானுக்கும் அதுதான், வில்லியமுக்கும் அதுதான், எலிசபெத்துக்கும் அதுதான். அடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் ஒரு மூலையைக் காட்டுவார். சாணத்தை வெளியே தள்ள வைத்திருந்த துவாரத்தைச் சமையலறை ஜன்னல் என்றார். ஊருக்கே இது தெரியும். மதுக்கடையில் அதுதான் பேச்சு. வெளியூர்க் கார் ஒன்று பாலத்தருகே நின்றால், இன்று யாருடைய தாத்தா அங்கே பிறந்தார் என்று பெஸ்ஸி டிக் வில் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். கிளைவ் மட்டும் தன் சுவரைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"இன்னும் பத்து அமெரிக்காக்காரன் வந்தான்னா என் கொட்டில்ல மூலைக்கல்லே மிஞ்சாது, எனிட்."

"அப்போ ஒரு கூரையைப் போட்டு மாட்டைக் கட்டேன். ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க," என்று எனிட் திருப்பிக் கொடுத்தார்.

இதுவரை அது விளையாட்டு. விளையாட்டு முடிந்தது 2004 மே மாதத்தில். அடிலெய்டிலிருந்து ரோஸ்லின் ஆல்டர்சன் வந்தார். அங்கே பெரிய நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளில் படம் வரும் அளவுக்குப் பேர் பெற்றவர். எனிட்டுக்கு அது தெரியாது. நேராக நிற்கும், அதிகம் பேசாத ஒரு பெண்ணைத்தான் அவர் பார்த்தார். வழக்கம்போலக் கொட்டிலைக் காட்டினார். அரை மணி கழித்து அந்தப் பெண் காரிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். தன் அப்பாவின் சாம்பல் என்றும், தன் தாத்தா பிறந்த வாசலில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை என்றும் சொன்னார். நிலத்துக்காரர் ஏதும் சொல்வாரா என்று கேட்டார்.

அப்போது எனிட் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததாகவும், வந்தது வேறு வார்த்தை என்றும் பின்னாளில் என் மனைவியிடம் சொன்னார். என் மனைவியும் ஓர் ஆல்டர்சன்தான், எனிட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. அன்று எனிட் சொன்னது இதுதான்: "வாசலுக்கு இடது பக்கம் வையுங்க. அங்கதான் காலை வெயில் படும்."

அந்தக் கதையை அவர் மதுக்கடையில் சொல்லவில்லை. ஆனால் சாலையோரத்தில் நடப்பது யார் கண்ணுக்கும் தப்பாது. கொட்டிலைப் பற்றிய சிரிப்பு அதன்பின் கொஞ்சம் தணிந்தது. நிற்கவில்லை.

2007 ஜூனில் உலக ஆல்டர்சன்கள் ஒன்றுகூடல் ஸ்டோனிகில்லில் நடந்தது. ஏற்பாடு செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். இருநூறு பேர் வந்தார்கள். நான் வேலை பார்க்கும் வார இதழுக்கு அது முதல் பக்கச் செய்தி. தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட அறையில் பேர்பெற்ற ஆல்டர்சன்களின் படங்களை ஒரு நீளப் பலகையில் மாட்டியிருந்தார்கள். ஒரு கடற்படைத் தளபதி, கால்பந்து கோல்கீப்பர் ஒருவர், பாடகி, புயலைப் பற்றி ஆராய்ந்தவர், நீதிபதி ரோஸ்லின். உள்ளூர்க்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஆடு வளர்த்தவன் ஒருவன்கூட இல்லையே, அப்படியானால் இத்தனை நாள் இங்கே இருந்தது யார் என்று கிளைவ் என்னிடம் கேட்டார்.

பிற்பகலில் அவரவர் பூர்விக வீட்டைப் பார்க்கலாம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. எனிட் அன்று கடையின் முன் திரையை இழுத்து மூடியிருந்தார். ஆறு குடும்பங்கள் ஆறு பக்கமிருந்து கிளம்பி ஒரே கொட்டிலின் முன் வந்து நின்றன. வால்டரின் பேரன் டக்ளஸ் பழைய புகைப்படத்தை நீட்டினான். இன்னொருவர் கையிலும் அதே சுவரின் படம் இருந்தது. நான் குறிப்பேட்டைத் திறந்து சண்டைக்குக் காத்திருந்தேன்.

சண்டை வரவில்லை. யாரோ ஒரு பெண், அப்படியானால் நாமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாள். ஒரே ஜானின் வம்சம். அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கொட்டிலைச் சுற்றிக் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ரோஸ்லின் வாசலின் இடது பக்கம் மண்டியிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனிட் திரைக்குப் பின்னாலிருந்து அத்தனையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லோரும் சந்தோஷமாக ஊர் திரும்பிவிடுவார்கள். அப்படித்தான் இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்ததாக என் மனைவியிடம் சொன்னார்.

மாலை விருந்து அதே பள்ளிக்கூட அறையில். பன்றித் தொடை, ஊறவைத்த பீட்ரூட், பால்கட்டி நிரப்பி இங்கே சுடும் இனிப்பு டார்ட், பெரிய பாத்திரங்களில் தேநீர். எனிட் தேநீர் ஊற்றிக்கொண்டு வரிசையில் வந்தார். ரோஸ்லின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது, இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்றார். அடிலெய்டில் குடும்பக் கல்லறையில் இடம் இருந்தது. அம்மா அதை விற்கச் சொல்லிவிட்டார்.

"அப்பா பக்கத்துல, இங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நீங்க இருக்கீங்க, பாத்துப்பீங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

எனிட் பாத்திரத்தைக் கீழே வைத்தார். சட்டென்று திரும்பி அறையின் நடுவுக்கு வந்தார். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. எந்தக் குரலில் தபால்தலை விலை சொல்வாரோ அதே குரல்.

"அது வீடே இல்லை," என்றார். "மாட்டுக் கொட்டில். எப்பவுமே கொட்டில்தான். எந்த ஜானும் அங்க பொறக்கலை. பக்கத்துல இருக்குதேன்னு நாந்தான் சொன்னேன். வந்த எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன்."

டக்ளஸ்தான் முதலில் பேசினான். கோபம் இல்லை, சரியாகக் கேட்டோமா என்று உறுதிசெய்துகொள்ளும் தொனி. "அந்தக் கல்லை எங்க தாத்தா கையில வெச்சுதான் புதைச்சோம்."

எனிட் தலையை மட்டும் ஆட்டினார்.

ரோஸ்லின் எழுந்து நின்றார். "அந்த ஜன்னல்?"

"சாணி தள்ளற ஓட்டைங்க."

பின்வரிசையில் பெஸ்ஸி டிக் வில் சிரித்துவிட்டார். மூக்கு வழியே வந்த சின்னச் சிரிப்பு. அவராலும் அடக்க முடியவில்லை, உடனே இருமிப் பார்த்தார். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ரோஸ்லின் எனிட்டை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நீதிமன்றத்தில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போது தெரிந்தது.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

உள்ளூர்க்காரர்கள் அறுபது பேர் இருந்தோம். எல்லோரும் தட்டைப் பார்த்தோம். என் மனைவி மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கிளைவ் எழுந்தார். எழுபது வயதுக்காரர், பள்ளிப் பையன்போல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்," என்றார். "எங்களுக்கு அது வேடிக்கையா இருந்துச்சு."

விருந்து அதோடு முடிந்தது. விருந்தினர்கள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எனிட் கடைசிவரை நின்று எல்லாவற்றையும் துடைத்து வைத்தார். அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல ஒருவருக்கும் யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ரோஸ்லின் மண்வெட்டி கேட்டுக் கிளைவ் வீட்டுக் கதவைத் தட்டினார். கிளைவ் தானே வந்து வாசலின் இடது பக்கம் தோண்டினார். மூன்று வருட மழையில் சாம்பல் எது, மண் எது என்று பிரிக்க வழியில்லை. ஒரு முழத்துக்கு மண்ணை அப்படியே வெட்டி, வந்தபோது கொண்டுவந்த அதே மாதிரி மரப்பெட்டி ஒன்றில் அள்ளினார்கள். எனிட் கையில் சிறு கொத்துக்கரண்டியோடு பாலத்தைத் தாண்டி வந்தார். ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். அவ்வளவே.

எனிட் சாலையோரத்தில் நின்றுகொண்டார். போகவும் இல்லை, அருகே வரவும் இல்லை.

பெட்டியை மூடியபின் ரோஸ்லின், உண்மையான வீடு எங்கே இருந்திருக்கும் என்று கிளைவிடம் கேட்டார். கிளைவ் மலைமேல் கையைக் காட்டினார். எங்கே என்று குறிப்பாக அல்ல. "உங்க ஜானை ஊர்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா காட்டிடலாம்மா." ரோஸ்லினுக்குத் தெரியவில்லை. அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனிட் செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தார். ஊர் ஆட்கள் வழக்கம்போல வந்தார்கள். பாலையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் காசை வைத்துவிட்டுப் போனார்கள். அவமானம் அவருடையது மட்டும் என்பதுபோல எங்களுக்கு நடந்துகொள்ள வரவில்லை. எங்களுடையதும்தான் என்று சொல்லவும் வரவில்லை. வில் ஒருநாள் கடையில் ஏதோ வேடிக்கை பேச ஆரம்பித்தார். எனிட் அவர் வாங்கிய புகையிலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். ஜூலைக் கடைசியில் கனடாவிலிருந்து ஒரு தம்பதி வந்து தாமஸ் ஆல்டர்சனின் வீட்டைக் கேட்டார்கள். எந்த தாமஸ் என்று எனிட் கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாதுங்க," என்றார் எனிட். அவர்கள் ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டு மழை விட்டதும் கிளம்பினார்கள்.

அம்மாவுக்கு அடிலெய்டிலேயே வேறு இடம் வாங்கியிருப்பதாக ரோஸ்லின் ஆகஸ்டில் கிளைவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன்பிறகு கிளைவ் கொட்டிலுக்குத் தகரம் வாங்கினார். செப்டம்பரில் கூரை போடுகிறார். அக்டோபரில் மாடுகள் உள்ளே போகும்.