காணிக்கைப் பையில் விழுந்த கவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டையில் நாங்கள் போகும் சின்னச் சபையில் நடந்தது இது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது.

பாளையம்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில்லை மூடியபோது நான்கு மாதம் வீட்டில் சல்லிக் காசு வருமானம் இல்லை. என் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது. பிறகு அவர் ஷேர் ஆட்டோ வாங்கி எம்.ரெட்டியபட்டி ரோட்டில் ஓட்ட ஆரம்பித்து, வீடு ஓரளவு நிமிர்ந்துவிட்டது. ஆனால் என் பயம் மட்டும் போகவே இல்லை. மாதா மாதம் அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் பணத்தை எடுத்து, என் தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து, பஞ்சுக்குள் செருகி, மறுபடி தைத்துவிடுவேன். அதில் தலை வைத்தால்தான் தூக்கம் வரும். நான்கு வருடம் இப்படியே போனது.

அந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், வாழ்க்கையையும் வருமானத்தையும் முழுசாக ஆண்டவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றிப் பேசினார். கடைசி ஜெபத்தில் நான் இரண்டு கையையும் தூக்கி, எல்லாம் உம்முடையது ஆண்டவரே என்று அழுதேன். நிஜமாகவே அழுதேன். அப்புறம் காணிக்கைப் பை வந்தது. கைப்பைக்குள் கையை விட்டு, கிடைத்த கவரை எடுத்துப் போட்டேன்.

ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போனார். மகள் விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பீஸ் கட்டக் கடைசி நாள். பணத்தை அவள் கையில் கொடுத்து வர நான் பஸ் ஏறினேன். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது கவரையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். மெலிதாக இருந்தது. பிரித்தால் உள்ளே ஒற்றை ஐம்பது ரூபாய்த் தாள்.

அவசரத்தில் பீஸ் பணத்தையும் சபைக் காணிக்கைக் கவர் ஒன்றில்தான் போட்டு வைத்திருந்தேன். இரண்டு கவரும் ஒரே மாதிரி. காணிக்கைப் பைக்குள் போனது பீஸ் பணம்.

கிளம்பிய பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சபைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். போட்ட காணிக்கையை எப்படித் திருப்பிக் கேட்பது? அரை மணி நேரத்துக்கு முன்தான் எல்லாம் உம்முடையது என்று ஊரே பார்க்க அழுதிருக்கிறேன். அது அடுத்தவர் பணம், என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பொய்க்கு வேலையே இல்லாமல் போனது. பாஸ்டர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அந்தக் கவரை எடுத்து வந்தார். மூலையில் மகள் பெயரையும் பீஸ் என்றும் நானே எழுதி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

"தவறி விழுந்தது காணிக்கை ஆகாதும்மா. மனசறிஞ்சு கொடுக்கிறதுதான் காணிக்கை. கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கட்டுங்க" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. விருதுநகர் போய் மகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழி முழுக்க அந்த வார்த்தையே ஓடியது. மனதறிந்து நான் எதைக் கொடுத்திருக்கிறேன்? இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் சபைக்கு வரும் ஒரு பெண், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலைக்குப் போகிறவள், வீட்டுக்கு வந்திருந்தாள். கணவர் இல்லை. மழையில் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது, தகரம் போட ஏதாவது உதவ முடியுமா என்று கேட்டாள். கையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு, அன்றும் அந்தத் தலையணையில்தான் படுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தலையணையைக் கொண்டு வந்து அவர் முன்னாலேயே கத்தரிக்கோலால் பிரித்தேன். பஞ்சோடு பணமும் கொட்டியது. நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விருட்டென்று எழுந்து வெளியே போனார். கோபம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தவர் கையில் ஆட்டோவின் டூல்ஸ் டப்பா. ஸ்பேனர்களுக்கு அடியில் பாலிதீன் பையில் சுருட்டிய பணம்.

"மறுபடியும் ஒரு கஷ்டம் வந்துருமோன்னு எனக்கும் பயந்தான் புள்ள. ஒங்கிட்டச் சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. பஞ்சு அவர் மீசையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எங்கள் வரவு செலவுக்காக இருவரும் சேர்ந்து முழங்காலில் நின்றோம். என் ஜெபத்தில் அன்று கண்ணீர் குறைவுதான். ஆனால் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மனதிலிருந்து வந்தது.

அந்த வாரமே தகரம் வாங்கினோம். லோடு ஆட்டோவில் ஏற்றி அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனோம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வானம் கறுத்து வந்துகொண்டிருந்தது. அவள் அண்டை வீட்டு ஆண்கள் தாங்களாகவே வந்து ஏணி பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் மேலே ஏறி ஆணி அடிக்க, நான் அவளைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்குப் பணம் இருந்தும் இல்லை என்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெரியும்க்கா. நெசமா இல்லாதவுக இல்லேன்னு சொல்ல அம்புட்டு நேரம் யோசிக்க மாட்டாக."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவளோடு சேர்ந்து சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசித் தகரத்தை அடித்து முடிப்பதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. எல்லோரும் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து நின்று வரக்காப்பி குடித்தோம். தகரத்தின் மேல் மழை கொட்டிய சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பணம் கொட்டியதா என்றால், இல்லை. அடுத்த மாதமே ஆட்டோ இன்ஜின் வேலை வைத்தது. அடகுச் செயினை மீட்க இன்னொரு வருடம் ஆனது. ஆனால் என்ன வந்தாலும் இப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறோம், சேர்ந்து ஜெபிக்கிறோம், மாதம் பிறந்ததும் முதலில் காணிக்கைக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுக்க வேண்டியதைச் சந்தோஷமாக எடுத்து வைக்கிறோம். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன் என்று வாயால் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை மெய்யாகவே செய்ய நான்கு வருடம் ஆயிற்று, அத்தனை காலமும் அவர் என்னை வெறுக்காமல் பொறுத்திருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.