பறவை எழுந்தால் தண்ணீர் வரும்

கால் நீளம் என்பதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபப்பட்டதில்லை, பிழைப்பே சேற்றில்தானே! கடல் உள்வாங்கியதும் கம்பியும் கூடையுமாக இறங்கி மட்டிச் சிப்பி தோண்டுவாள். குளிர்காலமானால் எங்கிருந்தோ வரும் உள்ளான் பறவைக் கூட்டமும் அதே சேற்றைக் கிளறும். சும்மா சொல்லக் கூடாது, கடிகாரமெல்லாம் அவற்றிடம் பிச்சை வாங்க வேண்டும். அவை மொத்தமாக எழுந்தால் தண்ணீர் திரும்புகிறது என்று அர்த்தம். கொக்கு உடனே கரையேறிவிடுவாள்.

அவளுடைய அண்ணியும் அங்கேதான் தோண்டுவாள், முதுகைக் காட்டிக்கொண்டு. உடம்பு சரியில்லாமல் கிடந்த அண்ணன் செத்த செய்தி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் கொக்குக்குத் தெரிந்தது. ஓடிப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. "உயிரோட பாக்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று வாசலில் நின்று கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்கு வாயே திறக்கவில்லை. என்ன வீம்போ, போங்கள்!

குளிர் விட்ட ஒரு சாயங்காலம், பறவைகள் ஒன்று விடாமல் எழுந்தன. அப்படியொரு இரைச்சலைக் கொக்கு கேட்டதே இல்லை. நாலு எட்டு ஓடியவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி குனிந்தபடியே இருந்தாள். கூப்பிட்டால் தோற்றுப்போன மாதிரி. கூப்பிடாவிட்டால்?

"அண்ணி! தண்ணி வருது! ஏறுங்க!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடி, அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள். விழுந்து புரண்டு இருவரும் கரை சேர்ந்தார்கள். திரும்பினால், கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. பறவைகள் மட்டும் வரிசை கட்டி வடக்கே போய்க்கொண்டிருந்தன. வருஷா வருஷம் அவை ராத்திரியில் கிளம்பிவிடும், கொக்கு பார்த்ததில்லை.

"அதுங்க ஊருக்குப் போகுதுங்கடி," என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. "தண்ணியாவது மண்ணாவது!"

கொக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எப்பவும் போலன்னு நெனச்சேன். ஒரேடியா போகுதுங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

அண்ணி சிரிக்கவில்லை. கையிலிருந்த சேற்றை வழித்தாள்.

"எனக்கும் தெரியலடி. சாப்பிட்டுட்டு எப்பவும் போலத்தான் உங்க அண்ணன் படுத்தாரு. தூங்குறாருன்னு நெனச்சு, சத்தம் வராம பாத்திரம் கழுவினேன்."

கொக்குக்கு அழுகை வந்துவிட்டது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"நீ எங்கடி என்னைப் பேச விட்ட?"

கூடைகள் சேற்றிலேயே கிடந்தன. இருவரும் எடுக்க இறங்கினார்கள். தண்ணீர் வந்தால் சொல்ல இனி பறவை இல்லை, ஒருத்திக்கு ஒருத்திதான் குரல் கொடுக்க வேண்டும்.