சக்கரக் கட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கரியாலூர் போகும் மலைப்பாதை. ஓரமாக என் அப்பாவின் பழைய கருப்பு கார் நிற்கிறது. அப்பா போன பிறகு பல வருடங்கள் தார்ப்பாய்க்குள் கிடந்த அதை, மகன்தான் எடுத்துப்போய் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஓட வைத்திருக்கிறான். பின்கதவு திறக்கிறது. என் மகள் இறங்குகிறாள். கையில் ஒரு மரக்கட்டை. குனிந்து அதைப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, "வெச்சாச்சுண்ணா!" என்று சிரிக்கிறாள். வீடியோ எடுக்கும் நண்பனும் சிரிக்கிறான்.

உடனே மகனைக் கூப்பிட்டேன்.

"கை பிரேக் இன்னாடா ஆச்சி?"

"கேபிள் அந்துபோச்சிம்மா. ஒரிஜினல் சொல்லி வெச்சிருக்கேன், வந்துடும். அதுவரைக்கும் தாத்தா கட்டை இருக்குதுல்ல? ஆமா, அது இன்னாத்துக்கும்மா ஒரு மூலை கருகிக் கெடக்குது?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து வாருங்கள் என்று கத்தினேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று தங்கையிடம் சொல்வது எனக்கே கேட்டது. இருவரும் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்கள்.  

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அப்பா கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருந்தார். மணலூர்பேட்டைப் பக்கம் நெல் பார்க்கப் போன இடத்தில், ஒரு பெரிய வீட்டின் வைக்கோல் போருக்குப் பின்னால் அது கிடந்ததாம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். பின்சீட்டில் கோழி முட்டைகள் இருந்தன. தெருவில் ஒருவர், "இன்னா மொதலாளி, கோழிக்கூண்டு வாங்கினு வந்துட்டீங்க?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா முட்டைகளை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அந்த வண்டியால் அம்மாவுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. நல்ல வெளிச்சம் வரும். அங்கேதான் அம்மாவின் தையல் மெஷின். தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் அம்மா தைத்த ஜாக்கெட்தான். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைப்பதில் அம்மாவை மிஞ்ச டவுனில் ஆளில்லை என்பார்கள். காருக்கு இடம் வேண்டும் என்பதால் மெஷின் நெல் மூட்டை அறைக்குப் போனது. அங்கே ஜன்னல் கிடையாது. அப்பா செய்ததற்குப் பொழுதுபோக்கு என்று ஒரு பெயர் இருந்தது. அம்மா செய்ததற்கு அப்படி எதுவும் இல்லை.

ஞாயிறானால் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார். அம்மா சாதம் போடும் எவர்சில்வர் தட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, திருகாணிகளை ஊறப்போடுவார். விளக்கு வளையங்களை விபூதி போட்டுத் துடைப்பார். துடைக்க அம்மாவின் வெட்டுத்துணிகள். ஒரு வளையத்துக்காகச் சென்னைக்கு பஸ் ஏறிப்போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைவார். 'ஒரிஜினல்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயர்போலச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்து விளக்கு எரியவே எரியாது. ஆனால் அது ஒரிஜினல். அதனால் மாற்றக் கூடாது.

ஒருவழியாக வண்டி ஓடியது. நிறுத்துவதுதான் கஷ்டம். கால் பிரேக் பிடிக்கும். கை பிரேக் இல்லை. அதன் கேபிள் எப்போதோ துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. கியரில் போட்டு நிறுத்தினாலும் மேட்டில் நழுவும். எதிரே இருந்த லேத்துப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "ஜீப்பு கேபிள வெட்டிப் போட்டுத் தர்றேங்க. சாயந்தரம் எடுத்துக்கினு போயிடலாம்" என்றார்.

"அது ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்யா. ஒரிஜினல் சொல்லி வெச்சிருக்கேன், வரட்டும்" என்றார் அப்பா.

அது வரும்வரை கட்டை. முன்பு அந்த வண்டியை ஓட்டியவர்களும் அதே கட்டையைத்தான் வைத்திருந்தார்களாம், டிக்கியிலேயே கிடந்தது. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய தேக்கு. ஆகவே கட்டையும் ஒரிஜினல்.

கட்டை வைப்பது அம்மாவின் வேலை என்று யாரும் தீர்மானித்ததாக நினைவில்லை. அது அப்படித்தான் இருந்தது. பின்சீட்டின் இடது ஓரத்தில், பழைய துண்டில் சுற்றிய கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அவள்தான். சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பாள். "வெச்சிட்டியா?" என்பார் அப்பா. "வெச்சாச்சி" என்பாள். அதற்குப் பிறகுதான் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பட்டுப்புடவையோடு மண்டப வாசலில் குனிந்து கட்டை வைத்தாள். "மொதலாளியம்மாவே கிளீனர் வேலை பாக்குறாங்கடோய்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் தம்பியும் கட்டை வைக்கும் வேலை எங்களுக்கு வேண்டும் என்று அடித்துக்கொள்வோம். அம்மா தரமாட்டாள். அவளுக்கும் அந்த வண்டியின்மேல் அத்தனை ஆசை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி, கரியாலூரில் வாத்தியாராக இருந்தார். பலாப்பழக் காலம், வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகலாம் என்று அம்மா சொன்னாள். அவ்வளவு பெரிய மலையில் ஏறிக்காட்டினால்தான் வண்டி வண்டி என்று அப்பா சொன்னார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டும்வரை அப்பா விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார். மேடு தொடங்கியதும் விசில் நின்றது. மூன்று நான்கு வளைவுகள் ஏறியதும் முன்னால் புகை வந்தது. புகையல்ல, ஆவி. ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

அப்பா வண்டியை ஓரம்கட்டி, "எறங்கு, எறங்கு" என்றார். அம்மா கட்டையோடு இறங்கினாள். அங்கே தரை முழுக்கச் சரளைக்கல். நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை சரியாக உட்காரவில்லை. அம்மா ஒருமுறை எடுத்து, சரளையைக் கையால் ஒதுக்கி, மறுபடியும் வைக்கப்போனாள்.

"வெச்சிட்டியா?" என்றார் அப்பா.

பதில் வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு முன்பக்கம் ஓடிவிட்டார். வண்டி மெதுவாக, யாரோ தாலாட்டுவதுபோல, ஒரு சாண் பின்னால் போனது. நின்றது. நின்றதும் நல்லவேளை என்று நான் நினைத்தேன். அது எதன்மேல் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அலறவில்லை. "ஏங்க" என்றாள்.

"இரு மே, தண்ணி கொதிக்கிது" என்றார் அப்பா.

"ஏங்க" என்றாள் மறுபடியும்.

தம்பிதான் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில்தான் அப்பா வந்தார். கட்டைக்கும் டயருக்கும் நடுவே அம்மாவின் வலது கை. அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி அசையவில்லை. நல்லவேளையாக மேலிருந்து ஆளும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. நாலைந்து பேர் குதித்து இறங்கி, வண்டியை முன்னால் தள்ளி, ஆளுக்கொரு கல்லைச் சக்கரத்துக்கு வைத்தார்கள். மலைக்காரப் பெண் ஒருத்தி, தன் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அம்மாவின் கையைச் சுற்றினாள். "பாக்காத தாயி, நீ அதப் பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவையும் எங்களையும் ஜீப்பில் பலாப்பழங்களுக்கு நடுவே ஏற்றினார்கள்.

"நீங்க போய்க்கினே இருங்க. நான் வண்டிய எறக்கிக்கினு பின்னாலயே வந்துடறேன்" என்றார் அப்பா.

ஜீப் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். அப்பா கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். டிரைவர் நிறுத்தினார். அப்பா எங்களோடு வரப்போகிறார் என்று நான் தம்பியை நகர்த்தி, அம்மாவின் பக்கத்தில் இடம் பண்ணிவைத்தேன்.

அப்பா மூச்சிரைக்க நின்றார். "கட்டைய குடு" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். பழக்கதோஷம், கட்டையைப் பொறுக்கி எடுத்து மடியில் வைத்திருந்தாள் அம்மா.

"அதான் கல்லு வெச்சிருக்கோமே சாமி" என்றாள் அந்த மலைக்காரப் பெண்.

"கல்லு டயரக் கிழிச்சிடும்" என்றார் அப்பா.

அம்மா இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.  ஆஸ்பத்திரி வரும்வரை அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தாள். அவள் பேசியதில் பாதி அப்பாவைப் பற்றிய வசவு. எங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பழங்களை இறக்க அந்த ஜீப்போடே போய்விட்டாள்.

அப்பா பொழுது சாய்ந்து வந்தார். வண்டி ஒரு கீறல் இல்லாமல் இறங்கிவிட்டதாக டாக்டரிடம் சொன்னார். 

பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டார்கள்: "பாத்து வெக்கக் கூடாதா?" அம்மாவும், "ஆமா, எங்கியோ கெவனத்துல வெச்சிட்டேன்" என்றாள். மலையிலிருந்து ஓடிவந்த மாமா அப்பாவை முறைத்தபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் அம்மாவே சொல்லும்போது அதுதான் உண்மையாக இருக்கும் என்று நம்பினேன்.

கட்டுப் பிரித்தபோது அம்மாவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. நெல் மூட்டை அறையில் இருந்த மெஷின்மேல் மூட்டைகள் ஏறின. பாதி தைத்திருந்த ஜாக்கெட்டுகளைத் தெருப் பெண்கள் வந்து வாங்கிப் போனார்கள். கத்தரிக்கோலை எனக்குக் கொடுத்தாள், காகிதம் வெட்டிக்கொள்ள. எனக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து கேபிள் வந்தது. ஒரிஜினல். அப்பா அதைப் பூஜை அறையில் வைத்துப் பொட்டு வைத்தார். பிறகு கொட்டகைக்குக் கொண்டுபோய் மாட்டினார். நெம்புகோலை மேலே இழுத்தால் டக்டக் என்று ஒரு சத்தம். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு தடவை இழுக்கக் கொடுத்தார். லேத்துக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு கேசரி கிண்டு மே" என்றார் அப்பா உள்ளே பார்த்து. "இனிமே கட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தான்" என்றாள் அம்மா.

இடது கையால் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் முந்திரிக்காகப் பக்கத்திலேயே நின்றேன். நடுவில் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனாள். கட்டையோடு வந்தாள். அதை அடுப்புக்குள் தள்ளினாள். தேக்கு சீக்கிரம் பற்றவில்லை. அம்மா குனிந்து ஊதினாள். ஊதுகுழல் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்காமல் வாயால் ஊதினாள். முகமெல்லாம் புகை.

வாசனை பிடித்து வந்த அப்பா, "அய்யய்ய, இன்னா பண்ற நீ!" என்று கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். ஒரு மூலை கருகியிருந்தது. "எவ்ளோ வருஷத்துக் கட்டை! வண்டியோட வந்ததாச்சே!" என்று துண்டால் துடைத்துக்கொண்டே டிக்கியில் வைக்கப் போனார். அம்மா திரும்பக் கரண்டியை எடுத்தாள். கேசரி அடிப்பிடித்திருந்தது. மேலாக எடுத்து எங்களுக்கு வைத்தாள். நான் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பாவம், அம்மா விறகு என்று நினைத்துவிட்டாள் என்றுதான் நான் எண்ணினேன். அவள் காலடியிலேயே காய்ந்த வேலம் விறகு ஒரு கட்டு இருந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.