சந்தனம்மாள் ஜீப்பில் சூடு வந்த கதை

சந்தனம்மாளின் ஜீப்புக்கு ஹாரன் எதற்கு என்று சின்னமனூர் ஸ்டாண்டில் கேட்பார்கள். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் உத்தமபாளையத்தில் நிற்கிற லாரி ஓரமாக ஒதுங்கும். வாழைத்தார் வண்டியில் சுமை ஏற்றப் போனவள், டிரைவர் டீ குடிக்கிற நேரத்தில் வண்டியை நகர்த்தி நகர்த்தியே ஓட்டப் படித்தாள். சண்டை போட்டு லைசென்சு வாங்கினாள், சண்டை போட்டு ஜீப்பும் வாங்கினாள். மேகமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களை தினமும் காலையில் மேலே ஏற்றி, சாயங்காலம் இறக்குகிற சவாரி அவளுடையது. அவள் வீட்டு அடுப்பு அந்தச் சவாரியில்தான் எரிந்தது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஐப்பசி மழையில், மலைக்கு மேலே மேகம் இறங்கி, முன் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெள்ளையடித்துவிட்டது. ஹீட்டரைத் திருகினால் குளிர்காற்று வந்தது. ஜன்னலைத் திறந்தால் மழை மடியில் உட்கார்ந்தது. சேலை முந்தியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவில் திருப்பினாள். எதிரே எஸ்டேட் லாரி. அதன் டிரைவர் மூக்கில் எத்தனை முடி என்று எண்ணிவிடுகிற தூரத்தில் பிரேக் பிடித்தது.

பக்கத்து சீட்டில் இருந்த வாத்தியார் ஸ்டான்லி சார் அலறிய அலறலில் மலைக் குரங்கெல்லாம் கேரளாவுக்குப் போயிருக்கும்.

"அக்கா, திங்கக்கெழம வரைக்கும் பாப்போம். கண்ணாடி தெளிவா இருந்தா ஒங்க வண்டி. இல்லாட்டி சுரேஷ்கண்ணன் வண்டிக்கு மாறிருவோம்."

சுரேஷ்கண்ணன் பக்கத்து ஜீப்காரன். சிரித்துக்கொண்டே சவாரியைத் தட்டிப் பறிக்கிறவன். அவன் பெயரைக் கேட்டதும் சந்தனம்மாளுக்குச் சூடு ஏறியது. அந்தச் சூட்டை மட்டும் கண்ணாடிப் பக்கம் திருப்பத் தெரிந்திருந்தால் ஹீட்டரே தேவைப்பட்டிருக்காது.

ஊரில் ஜீப்பு வேலை தெரிந்தவன் இம்மானுவேல் ஒருவன்தான். அவனோடு அவளுக்குப் பங்குனியிலிருந்து பேச்சு இல்லை. கிளட்சை மாவாட்டுகிற மாதிரி மிதிக்கிறாள் என்று பத்துப் பேர் முன்னால் அவன் சொல்லிவிட்டான். இனி உன் பட்டறை வாசலை மிதித்தால் என் காலை வெட்டு என்று சொல்லிவிட்டு வந்தவள், சனிக்கிழமை காலையில் வெட்டாத இரண்டு காலோடும் போய் நின்றாள்.

"ஏத்தா, எந்தக் கால வெட்ட?" என்றான் இம்மானுவேல், ஸ்பேனரைத் துடைத்தபடி.

"வாய மூடிட்டு வேலயப் பாருய்யா. ஹீட்டரு வேல செய்யல. நீ தொட்டுக் கெடுத்ததுதான்."

"ஹீட்டரா? கீழ புழுக்கத்துல நாங்க வெந்துக்கிட்டு கெடக்கோம், இவுகளுக்குச் சூடு பத்தலயாம்!"

பட்டறையே சிரித்தது. அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பு பாதியில் அணைந்தது.

இம்மானுவேல் விசிறியைப் போட்டுப் பார்த்தான். காற்று வந்தது, குளிராக. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. இஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற ரப்பர் குழாயைத் தொட்டான். கையை உதறிவிட்டு, கொஞ்சம் தள்ளித் தொட்டுப் பார்த்தான்.

"இங்கன சுடுது. ஒரு சாண் தள்ளி ஐஸாட்டம் கெடக்கு. நடுவுல என்னமோ அடச்சிருக்கு."

"நீ வச்சதுதான் அடச்சிருக்கும்."

இஞ்சினை அணைத்து ஆறவிட்டு அவன் குழாயைக் கழற்றினான். உள்ளே கை விரல் நீளத்துக்கு ஒரு கொய்யாக் குச்சி, சீவி வைத்தது, ஊறிப்போய் இருந்தது.

"நான் போல்ட்டுதான் போடுவேன். குச்சி வைக்கிறவன் நான் இல்ல. யாரு கை இது?"

சந்தனம்மாளுக்கு அப்போதுதான் சித்திரை நினைவுக்கு வந்தது. வீரபாண்டித் திருவிழாச் சவாரி. ஹீட்டரை மூடினாலும் உள்ளே சூடு கசிந்து, ஏறினவர்கள் காலெல்லாம் வெந்துபோனது. இம்மானுவேலிடம் போக ரோஷம் விடவில்லை. சுரேஷ்கண்ணன் சிரித்துக்கொண்டே வந்து குச்சியைச் செருகி, சூட்டை நிறுத்திக் கொடுத்தான்.

"அந்தச் சுரேஷ்கண்ணன்! என் சவாரியப் புடுங்கத்தான் அப்பவே திட்டம் போட்டுருக்கான்!"

"திட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. சித்திர வந்தா ஸ்டாண்டுல எல்லா ஜீப்புலயும் குச்சி வைப்பாக. எடுக்க ஒரு பயலுக்கும் ஞாபகம் வாராது. அவன் வண்டியிலயும் இதே குச்சிதான் இருக்கும்."

சந்தனம்மாள் அவனைப் பார்த்தாள். இம்மானுவேல் அவளைப் பார்த்தான். பங்குனிக்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தில் சந்தோஷம் வந்தது அப்போதுதான்.

"அவங்கிட்டச் சொல்லிராத," என்றாள்.

"நீ சொல்லித்தான் சொல்லாம இருக்கப் போறேனா? எனக்கும் அவனப் புடிக்காது."

ஹீட்டருக்குள் தண்ணீரைப் பீய்ச்சியதும் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் துரு கொட்டியது. தெளிந்த பிறகு குழாயை மாட்டினான். ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று போகும்வரை இஞ்சினை ஓடவிட்டான். டேஷ்போர்டிலிருந்து அனல் அடித்தது. மூடுவதற்கு அவள் ஹீட்டர் குமிழைத் திருப்பினாள். அனல் அப்படியே அடித்தது.

"சுடுதண்ணிய நிறுத்துற வால்வு தொறந்தபடியே எறுகிப் போச்சு. அதான் சித்திரையில கால் வெந்துருக்கு. புது வால்வு மதுரையில இருந்து வரணும். புதங்கெழமதான்."

"எனக்குத் திங்கக்கெழம சவாரிய்யா!"

"அப்ப வெந்துக்கிட்டே போ. இல்லாட்டி குச்சிய மறுபடி வைக்கவா?"

அவள் குச்சியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வாத்தியார்கள் ஏறினதும் ஜீப்பு இட்லிச் சட்டியானது. மலை அடிவாரம் வருவதற்குள் ஸ்டான்லி சார் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

"அக்கா, இத மூடுங்க!"

"மூடாது சார்."

"அப்ப எறங்கிக்கிறோம்!"

"எறங்குங்க. சுரேஷ்கண்ணன் வண்டி பின்னாலதான் வருது."

ஸ்டான்லி சார் இறங்கவில்லை. மேலே மேகம் வந்து வண்டியை மூடியது. முன் கண்ணாடி அப்போதுதான் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. பின்னால் சுரேஷ்கண்ணன் ஜீப்பின் கண்ணாடி வெளுத்துப்போய், அவன் சிரிக்காத முகத்தோடு வண்டியை ஓரத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டான்லி சார் திரும்பி அதைப் பார்த்தார். நெற்றி வேர்வையை வழித்து எறிந்தார்.

"சரிக்கா. ஒங்க வண்டிதான். ஆனா நாளைக்கு நான் துண்டு கொண்டு வருவேன்."

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதும், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் சந்தனம்மாள் போன் போட்டாள்.

"யோவ், கண்ணாடி தெளிஞ்சிருச்சு. காலு வெந்துருச்சு. புதங்கெழம வால்வு வரலன்னா, ஒன் பட்டற முன்னாலயே வந்து நின்னு கத்துவேன்."

"கத்தாம என்னைக்கு நின்ன? வையி போன," என்றான் இம்மானுவேல்.

அவள் வைக்கவில்லை. அவன் கிளட்சைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் பாக்கி இருந்தது. பங்குனியிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாவற்றையும் மேட்டில் நின்றபடி ஒவ்வொன்றாக ஆரம்பித்தாள்.