கட்டிங்கைத் தொட்டதும் காணாமல் போன குழந்தைகள்

பெங்களூர் பக்கத்துச் சந்தாபுராவில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். தையல் லைனில் வேலை செய்யும் பெண்கள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். பால் கொடுக்கும் நேரத்துக்குத் திரும்ப ஓடி வருவார்கள். பெரிய மனிதர்களைக் கண்டால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். குழந்தைகளோடு அந்தத் தொந்தரவு இல்லை. அவர்கள் என்னைப் பேசவே விட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு கம்ப்யூட்டரில் ஒரு புதுப் படம் வந்தது. படம் என்றால் சினிமா இல்லை. ஒரே திரையில் நாலைந்து கட்டங்கள். ஒன்றில் எத்தனை துணி வெட்டியாயிற்று, ஒன்றில் எத்தனை சட்டை தைத்தாயிற்று, ஒன்றில் யார் யார் வேலைக்கு வரவில்லை, கடைசி மூலையில் குழந்தைகள் அறையில் பெயர் பதிந்த பிள்ளைகள் எத்தனை. இதில் பெரிய விசேஷம் என்ன என்றால், ஒரு கட்டத்தைத் தொட்டால் மற்ற கட்டங்களெல்லாம் அதற்கேற்ப மாறும். எம்.டி. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். வீட்டில் தமிழ் பேசும் பெங்களூர்க்காரர் அவர். நம் சமையலறையில் அடுப்பைத் தொட்டால் அம்மியும் ஆட்டுக்கல்லும் திரும்பிப் பார்க்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்க நான் யார்?

எம்.டி.க்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் கட்டிங்கில்தான் ஆரம்பிப்பார். துணிதான் விலை கூடின சாமான், அதை வெட்டுகிற இடத்தில்தான் கம்பெனியின் உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் முழுக்க ஆண்கள். அன்றைக்கு மீட்டிங்கிலும் முதல் வேலையாகக் கட்டிங்கைத் தொட்டிருக்கிறார். மற்ற கட்டங்கள் மாறின. அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசி மூலைக்கு வந்தார். குழந்தைகள் அறை: சைபர்.

"ஒரு குழந்தைகூட இல்லியா? அப்புறம் எதுக்கு அவ்ளோ பெரிய ரூம்? கார்ட்டன் பெட்டி வைக்க இடமில்லன்னு அழறீங்க. அங்க ரேக் போடுங்க."

எங்கள் மேனேஜர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்கூட என் அறை வாசலில் ஒரு குழந்தை அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிரித்துவிட்டவள் நான். அந்தக் கை ஈரம் காய்வதற்குள் அவர், "எஸ் சார்" என்றாராம்.

இதை எனக்குச் சொன்னது எங்கள் சூப்பர்வைசரம்மா. ஆனேக்கல் பக்கத்துப் பெண். மீட்டிங்கில் சுவரோரம் நின்றிருந்தாள். மதியம் மேனேஜர் அவளையும் இழுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"ஆயா, நாளைக்கு எம்.டி. ரூமை அளவெடுக்க வர்றாரு. ரூம் காலியா இருக்கணும்."

நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசரம்மாதான் கேட்டாள்.

"புள்ளைங்கள எங்க சார் வைக்கிறது?"

"வீட்ல வைக்கட்டும். அம்மாக்காரிங்களும் கூடவே லீவு போட்டுக்கட்டும். ஒரு நாள்தானே?"

"அப்புறம்? ரேக் போட்ட பிறகு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"சார், புள்ளைங்க இருக்குதுன்னு எம்.டி. கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பத்து பேர் முன்னாடி, உங்க ஸ்க்ரீன் தப்பு சார்னு நான் சொல்லணுமா? அப்பவே ஏன் சொல்லலன்னு இப்ப கேப்பாரு. சும்னிரம்மா, பேசாம இரு."

பெரிய படிப்பு படித்தவர். படம் தப்பு என்றால் படத்தைத் திருத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படத்துக்குத் தக்கபடி குழந்தைகளைத் திருத்தலாம் என்பது என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பெண்கள் அவர்கள் துணிமணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அறை போனால் கைக்குழந்தைக்காரி யாரும் வேலைக்கு வர முடியாது. நானும் போகவேண்டியதுதான், பெட்டிகளுக்கு ஆயா வைக்கிற வழக்கம் இன்னும் வரவில்லை.

மறுநாள் எல்லோரும் லீவு. ஒருத்தி மட்டும் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னாடி, உனக்குச் சொல்லலியா?"

"சொன்னாங்க ஆயாம்மா. போன வாரம்தான் புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டேன். இன்னிக்கும் போட்டா வேலையே இல்லன்னு இந்த மேனேஜரே சொன்னாரு. எந்த மேனேஜர் பேச்சக் கேக்கறது நானு? போன வாரம் பேசுனவரா, நேத்து பேசுனவரா?"

குழந்தையை வாங்கிக்கொண்டேன். தொட்டில்களையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைக்கூட விடவில்லை.

எம்.டி. வந்தார். பின்னால் அளவு நாடாவோடு மேனேஜர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் படத்தைச் செய்த சாஃப்ட்வேர்காரர். திருநெல்வேலிப் பக்கம் போல, பேச்சில் தெரிந்தது.

"நல்ல ரூம்தான்," என்ற எம்.டி. என் இடுப்பைப் பார்த்தார். "இது யார் குழந்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆயாவோட பேத்தி சார். இன்னிக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்திருக்கு."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒரே வார்த்தையில் மாப்பிள்ளை, பெண், பேத்தி எல்லாம் கொடுத்துவிட்டார். எம்.டி. என் பேத்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தையல் பக்கம் நடந்தார். என் அறைக் கதவிலிருந்தே லைன் தெரியும்.

தையல் லைனைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தியே முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர், அடுத்தவள் கை, அதற்கடுத்தவள் பட்டி. துணி கைமாறிக்கொண்டே போகும். நடுவில் நாலு நாற்காலி காலியானால் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தைக்க ஒன்றும் வராது. அன்றைக்கு ஒரு பக்கம் காலர் இல்லாத சட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. இன்னொரு பக்கம் பெண்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"லைன் ஏன் நிக்குது?"

"காலர் போடறவங்க லீவு சார்," என்றாள் சூப்பர்வைசரம்மா.

"எல்லாருமா? ஒரே நாள்லயா?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கைக்குழந்தைக்காரங்க எல்லாரும் சார். இன்னிக்குப் புள்ளைங்களைக் கொண்டாரக்கூடாதுன்னுட்டாங்க."

"எந்தப் பிள்ளைங்க? அதான் சைபர்னு நானே பாத்தேனே!"

திரும்ப என் அறைக்கே வந்தார்கள். குழந்தைத் துணி வைக்கும் அலமாரி மேல் லேப்டாப்பைத் திறந்தார்கள். எம்.டி. நகர்த்திய அம்புக்குறி பழக்கப்படி நேராகக் கட்டிங்குக்குப் போனது. மூலையில் சைபர்.

"பாத்தியா?"

சாஃப்ட்வேர்காரர் தொண்டையைச் செருமினார். "சார், இப்ப கட்டிங்க கிளிக் பண்ணிட்டீங்கல்லா, இனிமே எல்லாக் கட்டமும் கட்டிங்க மட்டும்தான் காட்டும். ஃபில்டரு எல்லாத்துக்கும் லிங்க் ஆயிருக்கு."

"தெரியும். நான்தானே கேட்டேன்."

"பிள்ளைய எல்லாம் அம்மா வேலை பாக்குற செக்‌ஷன் கணக்குலதான் வரும் சார். கட்டிங்ல அம்மாமாரு யாரும் இல்லயே."

அவர் ஓரத்தில் எதையோ அழுத்தினார். சைபர் போய் நீலக் கம்பம் ஒன்று மளமளவென்று எழுந்தது. எம்.டி.யின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பிள்ளைகளும் அந்த நிமிஷம்தான் பிறந்தது போல ஒரு சந்தோஷம். பக்கத்தில் நிஜக் குழந்தை ஒன்று என் தோளில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

"நேத்து மீட்டிங்ல ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நான் வெளியில உக்காந்திருந்தேன் சார்," என்றார் சாஃப்ட்வேர்காரர்.

"நானும் அதையேதான் சார் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார் மேனேஜர்.

அறை தப்பியது. கார்ட்டன் பெட்டிகள் படிக்கட்டுக்கு அடியில் போயின. சாஃப்ட்வேர்காரர் அங்கேயே உட்கார்ந்து குழந்தைகள் கட்டத்தின் இணைப்பை மட்டும் வெட்டிவிட்டார். இனி யார் எதைத் தொட்டாலும் எங்கள் பிள்ளைகள் அசையமாட்டார்கள் என்றார். நான் மறுநாளே தொட்டில்களைக் கட்டிவிட்டேன். பூனைப் படத்தைத்தான் எங்கே போட்டார்களோ, கிடைக்கவில்லை.

ஆனால் மற்ற கட்டங்களின் இணைப்பு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் எம்.டி. காலர் லைனைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். வேலைக்கு வராதவர்கள் கட்டத்தில் ஒரு நாள் மட்டும் சிவப்புக் கம்பம் தென்னை உயரத்துக்கு நின்றது. அன்றைக்கு நேரில் கேட்ட காரணத்தை அவர் மறந்திருந்தார், படம் மறக்கவில்லை. பால் கொடுக்கும் நேரம் பார்த்து மேனேஜர் என் அறைக்கு வந்தார். அம்மாக்கள் எல்லோரும் இருந்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லிவச்ச மாதிரி எல்லாரும் ஒரே நாள்ல லீவு போட்டா எப்படி? எம்.டி. காரணம் கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?"

சொல்லிவைத்தவர் கேட்கிறார். அன்றைக்குக் குழந்தையோடு வந்து நின்ற அந்த ஒருத்தி, திரும்பாமலே சொன்னாள்:

"நான் வந்தேனே சார். எம்புள்ளதான் அன்னிக்கு ஆயாம்மா பேத்தியாயிடுச்சு."

மூலையிலிருந்து ஒருத்தி சிரித்தாள். அது சுவரோரமாகவே பரவி அறை முழுக்க ஓடியது. மேனேஜர் வாசலுக்குப் போனார். அங்கே ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து மறுபடியும் அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஆயா, இதைக் கொஞ்சம் பிடி," என்றார்.

எனக்குக் காது கேட்டது. நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.