முகத்தைக் காட்டியவள்

படம் எடுத்த அன்று அவளை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னது நான்தான். பின்னலை எடுத்து முன்னால் விடச் சொன்னதும் நான்தான். நம்முடைய சனம் பின்னலை வைத்தே ஆளைப் பிடித்துவிடும். ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் எங்கள் வீட்டு ஜன்னல் அது. வெளியே அடுக்குமாடிகள், மழை விட்ட பிறகு வருகிற மங்கிய வெளிச்சம். படம் எடுக்க வந்தவர் அசைய வேண்டாம் என்று சைகை காட்டினார். அவள் அசையாமல் நின்றபடியே, "அக்கா, இது ஆரோ கோவிச்சுக்கொண்டு நிக்கிற படம் மாதிரியெல்லே வரப்போகுது," என்றாள். நான் சிரிக்கவில்லை. பார்த்தவுடன் மனம் இளகுகிற படம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

ஒஸ்லோவில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் கதை எழுதுவது என் வேலை. ஆட்கடத்தலில் சிக்கி மீண்ட பெண்களுக்குத் தங்க இடமும் வழக்கறிஞரும் மொழி வகுப்பும் தேடிக் கொடுக்கிற அமைப்பு. அதற்கு நன்கொடை வேண்டும், நன்கொடை வரக் கதை வேண்டும். எங்களுக்கென்று ஒழுங்குகள் இருந்தன. பெயரை மாற்ற வேண்டும், முகத்தை மறைக்க வேண்டும், எழுதியதைச் சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். நல்ல ஒழுங்குகள்தான், குறை சொல்லமாட்டேன். நானும் கெட்டிக்காரிதான். எந்த வரியில் நோர்வேக்காரர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைப்பார்கள் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அவளை நான் தங்கச்சி என்றே கூப்பிட்டேன். வீட்டு வேலை என்று சொல்லிக் கூட்டி வந்து, கடவுச்சீட்டைப் பறித்து, அடைத்து வைத்து வேலை வாங்கியிருந்தார்கள். அதற்குமேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அவளுடைய ஊரையும் எழுதமாட்டேன். ஊர் ஒன்று கிடைத்தால் போதும், மிச்சத்தை நம்மவர்கள் கோயில் பூசை முடிந்து வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது மடியில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. "வடிவா எழுதியிருக்கிறியள்," என்றாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

வருடாந்த விருந்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் நோர்வேக்கார நன்கொடையாளர்கள். பின்வரிசைகளில் ரோல்ஸும் வடையும் செய்து கொண்டுவந்த எங்கள் தமிழ்ச் சனம். திரையில் அவளுடைய முதுகு. அன்று பின்னேரம்தான் அவள் எங்கள் அமைப்பின் பொறுப்பாளரிடம் தானே மேடைக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தாள். வழக்கு முடிந்திருந்தது, அடைத்து வைத்திருந்த வீட்டுக்காரர் மீதிருந்த பயமும் அவளுக்கு விட்டிருந்தது. பொறுப்பாளருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் தமிழில் சொல்லட்டும், நீ கையில் இருக்கிற நோர்வேஜிய உரையை வாசித்தால் போதும் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படத்திலை நிக்கிறது நான்தான். இப்ப என்ரை முகத்தை வடிவாப் பாருங்கோ. எனக்கு என்ன நடந்தது எண்டு சொல்ல நான் இஞ்சை வரேல்லை. அதை நீதிமன்றத்திலை சொல்லிப்போட்டன். இனி அது என்ரை. எனக்குப் பிறகு வந்த பிள்ளையள் இருக்கினம். அவைக்கு உள்ளுக்கை இருந்து பூட்டக்கூடிய அறை வேணும். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

முன்வரிசை என்னைப் பார்த்தது. கையில் என் உரை. நான் அதை வாசித்திருந்தால் அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது, அழுதும் இருப்பார்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். நேர்மையால் என்று சொல்ல ஆசைதான். பின்வரிசைக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதும் ஒரு காரணம். நாங்கள் முகத்தை மறைத்துக் கதையைக் காட்டுகிறவர்கள். அவளோ முகத்தைக் காட்டிக் கதையை மறைத்துவிட்டாள்.

யாரும் அழவில்லை. ஒரு வயதான மனிதர் எழுந்து எத்தனை கதவுகள் என்று கேட்டார். பிறகு எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கோப்பி மேசையோரம் நின்றேன். வயிறு எரிந்தது. நான் எழுதிய எந்தக் கதைக்கும் ஒருவரும் என்ன கதவு, என்ன பூட்டு என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், "அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு, அவளிலை பொறாமைப்பட உமக்கென்ன விசரே?" என்றார். "ஓம், விசர்தான்," என்றேன்.

மேடை அவளுக்குப் போய்விட்டதே என்பதுதான் காரணம் என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. ஒஸ்லோவிலேயே, அம்மருட்டில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆசிரியை என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, ஊரைவிட்டு வந்த இரவைச் சொல்லச் சொன்னார். சொன்னேன், அவர் அழுதார். அடுத்த வருடமும் கேட்டார்கள். தேவாலயத்தில் கேட்டார்கள், இந்த வேலைக்கான நேர்முகத்திலும் கேட்டார்கள். கேட்ட இடமெல்லாம் கொடுத்தேன். எங்கே நிறுத்தினால் மண்டபம் மூச்சை இழுக்கும் என்பது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. அது என்னுடையது, தரமாட்டேன் என்று சொல்லலாம் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. அவளுக்கு அது எப்படித் தெரிந்தது? அவ்வளவும் பறிகொடுத்தவளுக்கு? பொறாமை அங்கேதான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது அவள் எங்கள் ரயில் பாதையிலேயே, ரொம்மனில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். போன கிழமை வெஸ்ட்லி ரயிலில் கண்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு காலமாப் பழகிறம். நீங்கள் எப்பிடி இஞ்சை வந்தனீங்கள் எண்டு ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே, அக்கா," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்கோ விழாவுக்கோ இல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ரயில் அம்மருட்டைத் தாண்டும்போது தொடங்கினேன். மழை, லாம்பை அணைத்த வீடு, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த குறுகலான ஒழுங்கை. வசனங்கள் வரிசை தப்பாமல் வந்தன. வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் என் குரல் தானாகவே நின்றது.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். ரொம்மன் வந்தது. எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாயிருக்கு. இது ஆருக்கு எழுதினது, அக்கா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கதவு மூடி ரயில் புறப்பட்டது. ஊரைவிட்டு வந்த அந்த இரவில் நான் ஒருவருக்கும் சொல்லாத ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். அம்மாவின் விரல் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்றுகூட நினைவுக்கு வரவில்லை. கேட்க அம்மாவும் இல்லை.