அத்தர் மணத்த பாத்திரக் கடை

பாத்திர வியாபாரம் பொறுமைசாலிக்கு லாயக்கான தொழில். நான் அதில் இறங்கியதே தப்பு. வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், விலையைச் சொன்னதும் நம் பொறுமையைத் தட்டிப் பார்ப்பார்கள். கடை வைத்து வதைபட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! குறிஞ்சிப்பாடி, புவனகிரி என்று அலுமினியப் பாத்திரக் கூடையைத் தலையில் சுமந்து, வாய்ச் சண்டையிலேயே நாலு காசு பார்த்து, அறுபதுகளில் சிதம்பரம் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கடை பிடித்தேன். என் கோபத்துக்குப் பயந்து சனம் எதிர்ச்சாரியில் நடந்தது. கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மார்கழித் தேர் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கடை எந்திரிக்கலன்னா வேற ஆளுக்கு உட்டுடுவேன்."

போணி

அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. அது ஆகாவிட்டால் கடைக்காரனுக்குத் தொண்டையில் காபி இறங்காது. ஒரு நாள் உச்சிவெயில் ஏறியும் ஆகவில்லை. வந்த ஒரே அம்மாளையும் "வாங்க வந்தியா, வம்பு பண்ண வந்தியா?" என்று விரட்டியிருந்தேன். அப்போது பக்கத்துக் கடை காசிம் பாய் வந்தார். அத்தரும் தொப்பியும் விற்பவர். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, நான் சொன்ன விலையை அப்படியே நீட்டினார்.

பேரம் பேசாதவரை நான் பார்த்ததே இல்லை. "என்ன பாய், எனக்குப் பிச்சை போடுறீங்களா? பேசுங்க, கொறச்சிக் கேளுங்க!" என்று எகிறினேன். எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யோவ் மாமா, தெனம் ஆள் அனுப்பி ஒனக்குப் போணி பண்ணிவுடுறதே அவருதான்யா! அவரு ஊட்ல கொழம்பவிடக் கரண்டி ஜாஸ்தி. கத்தாம வாங்கிப் போடு!"

தேர் நாள்

காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. நான் குடங்களை அடுக்கி முடிக்கவில்லை, கடலூரிலிருந்து என் மைத்துனன் பஸ்ஸில் வந்து நிற்கிறான். தாய்வீட்டிலிருந்த என் மனைவிக்கு வலி கண்டுவிட்டதாம். தலைப்பிரசவம். போனால் கடை போச்சு, போகாவிட்டால் நான் மனிதனே இல்லை. பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உலகத்தையே திட்டினேன்.

பாய் பூட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் கல்லாவில் உட்கார்ந்தார். அவர் கடையைப் பார்த்துக்கொள்ள அஞ்சலை பூக்கூடையோடு அந்த வாசலுக்கு மாறிவிட்டாள். "பாய், உங்களுக்குப் பேரம் தெரியாதே, ஏமாத்திடுவானுங்களே!" என்று அப்போதும் கத்தினேன். பாய் சொன்னார்: "ஏமாந்தா நாங்க ஏமாந்துட்டுப் போறோம் தம்பி. நீங்க பஸ்ஸப் புடிங்க."

கடலூரில்

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். குழந்தையை என் கையில் கொடுத்ததும், என்னைப் பார்த்துக் கத்தாத முதல் ஆள் என்று நினைத்தேன், உடனே கத்தியது. கடை விஷயத்தைச் சொன்னதும் படுத்திருந்த என் மனைவி முகம் மலர்ந்தாள். "பாய்கிட்டயா உட்டுட்டு வந்தீங்க? நல்லதாப் போச்சு, இன்னிக்காவது நாலு பேரு உள்ள வருவாங்க."

ஆருத்ரா தரிசனத்தன்று

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினேன். கடையில் பாதி காலி! ஏமாந்தும் இருக்கவில்லை. ஆனால் பாய் ஒரு காரியம் செய்திருந்தார். அவர் கடையில் வருகிறவர்களின் மணிக்கட்டில் அத்தர் தடவுவது வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் என் கடைக்கு வந்தவர்களுக்கும் தடவி, வாங்கிய குடத்தின் கழுத்திலும் ஒரு சொட்டு இழுத்துவிட்டிருக்கிறார். "தண்ணிக் குடத்துலயா பாய் அத்தரு! அடிக்க வரப் போறாங்க!" என்று அவர் கடை வாசலில் குதித்துவிட்டு நான் என் கடைக்குத் திரும்பும்போதே புவனகிரிப் பெண்கள் ஒரு கும்பலாக வந்துவிட்டார்கள். பின்னாலேயே கட்டடக்காரர்.

முன்னால் வந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்து இருந்த மொதலாளி எங்கப்பா? நீ கூலியாளா? கொடத்துத் தண்ணி கமகமன்னு இருக்குன்னு என் மாமியாரே என்னப் பாத்து சிரிச்சிடுச்சு! எங்க தெருவுக்கே கொடம் வேணும், போய் அவர இட்டா!"

பாயை அழைக்க ஓடினேன். கட்டடக்காரர் வழிமறித்துத் தோளில் தட்டினார். "கடை எந்திரிச்சிடுச்சு, இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காரு."

வாயை வைத்தே பிழைத்தவன் நான். ஆனால் என் கடை பிழைத்தது, நானும் என் வாயும் ஊரில் இல்லாத அந்த ஒரு நாளில்தான்.